ககான் அபாவோஜியின் கோப்பு

எபினேசர் தம் முப்பத்தொரு வருட மத்திய அரசுப் பணியில் யாரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை. சொல்லத் தேவை வந்ததில்லை. யார் என்ன கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பார். அதற்குப் பதில் வந்தால், அந்தப் பதிலிலிருந்தே இன்னொரு கேள்வியை உருவி எடுப்பார். மூன்றாவது கேள்வியில் பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு மூச்சு வாங்கும். நான்காவதில் தாமாகக் கண்ணை மூடிவிடும். கொலை என்று எவரும் குற்றம் சாட்ட முடியாது. எல்லாம் இயற்கை மரணம்.

சில வருடங்களுக்கு முன் அலுவலகத்துக் கோப்புகள் எல்லாம் கணினிக்குள் போய்விட்டன. பச்சை நோட்டுத் தாள், ஓரத்தில் விடும் இடம், பத்தி எண், நாடா எல்லாம் ஒரே நாளில் மறைந்தன. தென்தமிழ்நாட்டு நாசரேத்திலிருந்து டெல்லிக்கு ரயிலேறி வந்த காலத்திலிருந்து அந்தத் தாளோடு குடித்தனம் நடத்தியவர் எபினேசர். பிரிவைத் தாங்க முடியாமல், மீந்துபோன தாள்களை மோதி பாக்கிலிருந்த அரசுக் குடியிருப்புக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அன்று முதல் அந்த வீட்டில் யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் கோப்பாக எழுதிச் சாப்பாட்டு மேஜையில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். மனைவி அக்னஸ் மட்டும் விதிவிலக்கு. பிரசவ வார்டில் இருபத்தெட்டு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருப்பவரிடம் எழுதிக் கொடு என்று சொல்லும் துணிச்சல் எபினேசருக்கு இல்லை.

மகள் டெல்பின் பதினோரு வயதில் ஒரு நாய்க்குட்டி கேட்டுக் கோப்பு வைத்தாள். நான்காவது கேள்விக்கு அவள் பதில் எழுதி முடிப்பதற்குள், அந்த நாய்க்குட்டி எதிர் பிளாக்கில் வளர்ந்து, தானே குட்டி போட்டுவிட்டிருந்தது.

இப்போது டெல்பினுக்கு இருபத்தாறு வயது. பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆய்வு மாணவி. ஒரு திங்கட்கிழமை காலையில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் ஒரு கோப்பு வந்து உட்கார்ந்திருந்தது. இங்கிலீஷில் அச்சடித்த பொருள் வரியை எபினேசர் இரண்டு முறை படித்தார். கித்தான் பேரரசர் அபாவோஜியின் இளமையும் எழுச்சியும், அதுகுறித்து சீனாவின் இன்னர் மங்கோலியாவில் பத்து வாரக் களப்பணி, பெற்றோர் சம்மதம் கோருதல்.

"ஏட்டி, இது என்னது? ஆளு பேரா, ஊரு பேரா?"

"ஆளு டாடி. எம்பரர். செத்து ஆயிரத்து நூறு வருஷம் ஆகப் போகுது."

"பெறவு என்ன அவசரம்?"

"அவருக்கு அவசரம் இல்ல. எனக்குத்தான். ஃப்ரைடே அஞ்சு மணிக்குள்ள உங்க சைன் போகணும். அதுக்கு மேல போனா சீட் இன்னொருத்தருக்கு."

கோப்பின் கடைசியில் ஒரு படிவம் இருந்தது. வழிகாட்டியின் மூலக் கையெழுத்தும் துறை முத்திரையும் ஏற்கெனவே விழுந்திருந்தன. தகப்பனார் என்ற இடம் மட்டும் காலி. இருபத்தாறு வயதுப் பெண் நாட்டின் அரசாங்கத்தையே மாற்றி ஓட்டுப் போடலாம், ஆனால் அயல்நாட்டில் மண்ணைக் கிளற அப்பா கையெழுத்து வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் கருத்து.

எபினேசருக்கு அவளை அனுப்புவதாக உத்தேசமே இல்லை. சீனா, குளிர், தெரியாத பாஷை, அதெல்லாம் போக ஐ.ஏ.எஸ். பரீட்சை எழுதாத வருத்தம் வேறு. ஆனால் மறுக்க மாட்டார். பேனாவைத் திறந்து, வழக்கப்படி முதல் கேள்வியை எழுதினார். 'கித்தான்கள் யார்? தற்போதைய முகவரி என்ன?'

அக்னஸ் எட்டிப் பார்த்தார். "ஆரம்பிச்சாச்சா? நாய்க்குட்டி போன வழிதான் இந்த ராசாவும் போவப் போறாரு."

செவ்வாய்க்கிழமை காலையில் பதில் தயாராக இருந்தது. 'முகவரி இல்லை. இனமே கரைந்துபோய்விட்டது. ஆனால் இருநூறு வருடத்துக்கு மேல் சீனாவின் வடக்கையும் மங்கோலியப் புல்வெளியையும் ஆண்டவர்கள். அவர்கள் பெயரைத்தான் இன்றும் ரஷ்யர்கள் சீனாவுக்குப் பெயராகச் சொல்கிறார்கள். அத்தனைக்கும் ஆரம்பம் ஒரே ஆள்.'

ஆள் போய், இனம் போய், அரசும் போய், பெயர் மட்டும் அடுத்தவன் நாட்டின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எபினேசர் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சுதாரித்து இரண்டாவது கேள்வியைப் போட்டார். 'பிறப்புக்கு ஆதாரம்?'

இந்தக் கேள்வி அவருடைய பிரம்மாஸ்திரம். பிறப்புச் சான்றிதழில் சிக்காத மனிதன் இந்தியாவில் இல்லை.

புதன்கிழமை பதில் ஒன்றரைப் பக்கம் வந்தது. கி.பி. எண்ணூற்று எழுபத்திரண்டு. தாய் சூரியன் தன் மடியில் வந்து விழுவதாகக் கனவு கண்டாள். பிள்ளை பிறந்தபோது கூடாரம் முழுக்க ஒளியும் வாசனையும். பிறந்த குழந்தை மூன்று வயதுப் பிள்ளை அளவுக்கு இருந்தது, உடனே தவழ்ந்தது, மூன்றாம் மாதம் நடந்தது. எல்லாம் அரசாங்க வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

"அக்னஸ், மூணு மாசத்துல பிள்ள நடக்குமா?"

"எங்க வார்டுல இதுவர நடக்கல," என்றார் அக்னஸ் டிபன் டப்பாவை மூடியபடி. "ஆனா எந்தப் பிள்ளையும் ராசாவாவும் ஆவல. ராசாவாயிட்டா நானே எழுதித் தாரேன், பொறந்த அன்னைக்கே பஸ் ஏறிப் போச்சுன்னு."

எபினேசர் சிரித்துக்கொண்டே ஓரத்தில் 'மருத்துவச் சான்று?' என்று குறித்தார். அடுத்த பத்தியில் அவருடைய சிரிப்பு நின்றது.

அபாவோஜி பிறந்த சமயத்தில் அவனுடைய தாத்தா, குலத்தின் தலைவர், அதிகாரச் சண்டையில் கொல்லப்பட்டார். தகப்பன் வழி உறவுகள் உயிர் தப்பி ஓடின. கொன்றவர்கள் ஆண் வாரிசைத் தேடி வருவார்கள் என்று பயந்து, குழந்தையைத் தனியாக வேறொரு கூடாரத்தில் ஒளித்து வைத்தார்கள். யாராவது பார்த்துவிட்டாலும் அடையாளம் தெரியக் கூடாதென்று அவன் முகத்தில் எதையோ பூசி வைத்தார்கள். எதைப் பூசினார்கள் என்று பதிவில்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

எபினேசர் அன்று பஸ்ஸில் போகும்போது செய்தித்தாளைப் பிரிக்கவில்லை. வெளியே பாலங்களும் வரிசையாக மூங்கில் சாரங்களும் போயின. கரியோ சேறோ பூசிய ஒரு சின்ன முகம் அவர் கண்முன்னே நின்றது. அழக்கூட விட்டிருக்க மாட்டார்கள். எதிரே தாயின் மடியில் ஒரு குழந்தை ஐஸ்கிரீமை முகமெங்கும் அப்பிக்கொண்டு அவரைப் பார்த்தது.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கி அப்பளம் வாங்க வேண்டும் என்று அக்னஸ் சொல்லியிருந்தார். இறங்கவில்லை. அலுவலகத்துக்குப் போய், உணவு இடைவேளையில், காகிதமே இல்லாத அந்த இடத்தில் ஒரு பழைய டைரித் தாளைக் கிழித்து மூன்றாவது கேள்வியை எழுதினார். மாலையில் வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தபோது அவருக்கே அது விசித்திரமாக இருந்தது. ஆதாரம் கேட்கவில்லை, விதி எண் கேட்கவில்லை. 'பிறகு அந்தப் பிள்ளை என்ன ஆனான்?' என்று மட்டும் இருந்தது.

டெல்பின் அதைப் படித்துவிட்டுத் தாயைப் பார்த்தாள். அக்னஸ் புருவத்தைத் தூக்கினார்.

இந்த முறை அவள் எழுதி வைக்கவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது வாயாலேயே சொன்னாள். கோப்பில் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று எபினேசரே அனுமதித்தார். முப்பத்தொரு வருடத்தில் இப்படி ஒரு சலுகை யாருக்கும் கிடைத்ததில்லை.

"வளந்து நல்ல ஹைட் டாடி. அவர் வில்ல வேற யாராலயும் வளைக்க முடியாதாம். சித்தப்பாவோட காவல் படையில சேந்தாரு. ட்வென்டி நைன்ல அவர் குலத்துக்குத் தலைவர். ரெண்டு வருஷம் கழிச்சு, எல்லாக் குலத்துக்கும் மேல இருக்கற ககானுக்கு அடுத்த இடம். தர்ட்டி ஃபைவ்ல அவரே ககான்."

"ஆறு வருஷத்துல மூணு ப்ரமோஷனா?" எபினேசருக்கு ரசம் புரையேறியது. அவருக்கு ஒரு பதவி உயர்வுக்குப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. "சீனியாரிட்டி லிஸ்ட் என்னாச்சு?"

"எலெக்‌ஷன். எட்டுக் குலத் தலைவருங்களும் கூடி ஒருத்தர செலக்ட் பண்ணுவாங்க. மரக்கட்டையக் குவிச்சுத் தீ வச்சு, புகைய மேல அனுப்பி, ஆகாசத்துக்கு அறிவிப்பாங்க. கொடியும் முரசும் அவர் கைக்கு வரும். மூணு வருஷம் ஆனா அடுத்தவருக்குக் குடுத்துடணும்."

"டென்யூர்," என்றார் எபினேசர். அந்தச் சொல்லைத் தோத்திரம் போலச் சொன்னார். "காட்டுல கெடந்த ஜனத்துக்கு டென்யூர் இருந்திருக்கு, பாத்துக்க அக்னஸ்."

"இவரு குடுக்கல டாடி. மூணு போச்சு, ஆறு போச்சு, குடுக்கல. அதனால கூடப் பொறந்த தம்பிங்களே எதிர்த்தாங்க."

"எத்தன தடவ?"

"மூணு தடவ. ஃபர்ஸ்ட் தடவ பிடிபட்டப்போ தம்பிங்கள மலை மேல கூட்டிட்டுப் போய், பலி குடுத்து, வானத்துக்கும் பூமிக்கும் முன்னாடி சத்தியம் வாங்கி விட்டுட்டாரு. அடுத்த வருஷம் திரும்பவும் கலகம். திரும்பவும் மன்னிப்பு. மூணாவது தடவ பெரிய சண்டை. ஜனங்க கிட்ட சாப்பிட ஒண்ணும் இல்லாமப் போயிடுச்சு. அப்பவும் தம்பிங்கள மட்டும் கொல்லல."

"மத்தவங்க?"

டெல்பின் தட்டிலிருந்து கையை எடுத்தாள். "முந்நூறு பேருக்கு மேல மரண தண்டனை. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு ஆர்டர் போட்டாரு. மனுஷ உயிர் ரொம்பப் பெருசு, செத்தவன் திரும்பி வர மாட்டான்னு. அவங்க எல்லாருக்கும் ஒரு நாள் விருந்து. அவங்கவங்களுக்கு என்ன பிடிக்குமோ அத அன்னைக்குச் செய்யலாம். குடிக்கலாம், பாடலாம், ஆடலாம், வில்லு விடலாம், மல்யுத்தம் போடலாம். அடுத்த நாள் தண்டனை."

மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"அந்த ஒரு நாளு எப்பிடி இருந்திருக்கும்?" என்றார் அக்னஸ். எத்தனையோ உயிர் வருவதையும் சிலது போவதையும் கையால் தொட்டுப் பார்த்தவர். குரல் மெல்லியதாக இருந்தது. "முந்நூறு பேரும் பாட்டுப் பாடி, பொழுது சாயிறதப் பாத்துக்கிட்டு... சொன்னவன் நல்லவனா கெட்டவனான்னே தெரியலியேட்டி."

எபினேசர் பிரமித்துப் போயிருந்தார். அவர் அறிந்த அதிகாரமெல்லாம் விடுமுறை தருவதும் மறுப்பதும்தான். ஒரே ஆள் கையில் அத்தனை கோபமும் அத்தனை கருணையும் ஒரே ஆணையாக வர முடியும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை மாலை கோப்பு முழுதாக வந்தது. கடைசிப் பத்தி சுருக்கமாக இருந்தது. ஒன்பது வருடம் ஆனதும் குலத் தலைவர்கள் எல்லோரும் சேர்ந்து வந்து விதியைச் சொன்னார்கள். அபாவோஜி கொடியையும் முரசையும் அவர்களிடம் ஒப்படைத்தார்.

எபினேசருக்குக் கண் கலங்கியே விட்டது. தாமதமாகத்தான். ஆனால் ஒப்படைத்துவிட்டான்! சார்ஜ் ஹேண்டட் ஓவர். முகத்தில் கரி பூசி ஒளித்து வைத்த பிள்ளை, உலகமே பயந்த மனிதன், விதிப்புத்தகத்துக்குத் தலை குனிந்து முரசைக் கீழே வைத்திருக்கிறான். இப்படிப்பட்டவன் ஊரைப் பார்க்க மகள் போனால் என்ன குறைந்துவிடும்? கையெழுத்துப் போடுவது என்று அப்போதே முடிவு செய்தார். ஆனால் இப்பேர்ப்பட்ட மனிதனுக்கு வெறும் கையெழுத்து போதாது, நாலு வரி நல்ல இங்கிலீஷில் குறிப்பு எழுத வேண்டும். நாளைக் காலை பஸ்ஸில் யோசித்து அலுவலகத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று கோப்பைப் பைக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மேஜையில் கோப்பைப் பிரித்து வைத்து, முதல் வரியை எழுதுமுன் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. கூட்டம் முடிய ஒரு மணி ஆயிற்று. திரும்பி வந்தபோது மேஜை வெறிச்சென்று இருந்தது.

"ராவத் ஜி, இங்கே ஒரு கோப்பு இருந்ததே?"

ராவத் அவருடைய பிரிவின் மூத்த உதவியாளர். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. கடமையைச் செய்த பெருமிதத்தோடு எழுந்து நின்றார். "அனுப்பிவிட்டேன் சார் ஜி."

"எங்கே?"

"இப்போது காகிதத்தில் வருவது ரகசியக் கோப்பு மட்டும்தானே? மேலட்டையில் மங்கோலியா என்று வேறு போட்டிருந்தது. சத்தியமாக உள்ளே ஒரு வரி படிக்கவில்லை. இரட்டை உறையில் போட்டு, அரக்கு வைத்து, ஜாயின்ட் செக்ரெட்டரி மேடம் கையிலேயே கொடுத்துவிட்டேன். ஜல்தி வேண்டும் என்று தெரியும்."

முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் எதுவும் ஒரே நாளில் ஒரு மாடி ஏறியதில்லை. அபாவோஜி நாற்பது நிமிடத்தில் மூன்று மாடி ஏறிவிட்டார்.

மேடத்தின் அறைக்கு வெளியே எபினேசர் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். யாரையும் உள்ளே விட வேண்டாம் என்று மேடம் சொல்லியிருப்பதாக அவருடைய உதவியாளர் சொன்னார். முத்திரை விழுந்த படிவம் அந்தக் கோப்புக்குள். மேலதிகாரிகள் எழுதிவந்த அவருடைய முப்பத்தொரு வருட ரகசியக் குறிப்பேட்டில் கறை விழுந்ததில்லை. இன்று விழப்போவது வெறும் கறை அல்ல, கித்தான் பேரரசு. ஆனால் அவருக்கே ஆச்சரியமாக, அதைவிடச் சுவர்க் கடிகாரம்தான் அவரை அதிகம் அச்சுறுத்தியது. நாலு ஆவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது.

சக்ஸேனா மேடத்தின் மேஜையில் தேநீர் ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. பக்கத்தில் அந்தக் கோப்பு.

"உட்காருங்கள் எபினேசர்," என்றார் மேடம் இந்தியில். "இரண்டு பக்கம் வரை உளவுத்துறை அறிக்கை என்றுதான் நினைத்தேன். மூன்றாவது பக்கத்தில் ஊறுகாய் எண்ணெய். அப்போது புரிந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை. ஒரு கூட்டத்தை ரத்து செய்தேன்."

"மன்னிக்க வேண்டும் மேடம். என் மகளுடைய..."

"உங்கள் மகள் கடைசியை மறைத்திருக்கிறாள்."

எபினேசர் நிமிர்ந்தார்.

"முரசைக் கொடுத்துவிட்டுச் சும்மா போகிற ஆளா இவன் என்று எனக்குத் தோன்றியது. ஃபோனில் தேடினேன்." மேடம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "கொடுத்துவிட்டு, உப்பு ஏரி இருந்த ஒரு ஊரை மட்டும் தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டானாம். கொஞ்ச நாள் கழித்துத் தலைவர்களுக்குச் சொல்லி அனுப்பினான். நீங்கள் எல்லோரும் சாப்பிடுவது என் உப்பு, உப்புக்கு உடையவனை ஒரு தடவை வந்து பார்க்க வேண்டாமா என்று. வந்தார்கள். மாடும் மதுவும் கொண்டு வந்தார்கள். ஏரிக்கரையில் விருந்து. எல்லோரும் குடித்து மயங்கியதும், ஒளிந்திருந்த வீரர்கள் எழுந்தார்கள். ஒரு தலைவன்கூடத் திரும்பிப் போகவில்லை. அதன் பிறகு முரசைத் திருப்பிக் கேட்க ஆளே இல்லை. பேரரசன் ஆகிவிட்டான்."

எபினேசர் கண்முன் ஏரிக்கரை வந்தது. வெள்ளை வெளேரென்று உப்பு. அதன் மேல் மது, மாடு, மனிதர்கள்.

"கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள்," என்றார் மேடம். அப்புறம், சற்றுத் தயங்கி, "முகத்தில் பூசியது என்ன என்று கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள்."

வராந்தாவுக்கு வந்தபோது நாலு இருபது. மகளுக்கு ஃபோன் போட்டார்.

"டாடி! கஹான் ஹோ ஆப், எங்க இருக்கீங்க? சைன் ஆச்சா?"

"நீ மறச்சுட்டியேட்டி."

"எத?"

"உப்பு ஏரி."

"யாரு சொன்னா?"

"ஜாயின்ட் செக்ரெட்டரி."

"வாட்? ஃபைல் அவங்க கிட்ட எப்படி..."

"அது தனிக் கதை. கோப்புல உண்மைய மறைக்கறதுக்கு என்ன பேரு தெரியுமா? முந்நூறு பேருக்குச் சோறு போட்டவனச் சொன்ன. எட்டுத் தலைவங்களுக்குச் சோறு போட்டத ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா சைன் பண்ணுவீங்களா?"

எபினேசர் பொய் சொல்லிப் பழகாதவர். "மாட்டேன்."

"அதான். பயமா இருந்துச்சு. ஒத்துக்கறேன்." அவள் குரல் உடைந்து, பிறகு வேகம் பிடித்தது. "ஆனா அது மட்டும் இல்ல டாடி. அந்த விருந்துக் கதைய எழுதினது தெற்கே இருந்த சீனா பக்கம். அவங்களுக்கு இவர் எதிரி. கித்தான் அரசோட வரலாறுன்னு பின்னாடி தொகுத்த புக்ல அந்த விருந்தே கிடையாது. முரசக் குடுத்தாரா? தெரியாது. கொன்னாரா? தெரியாது. தோத்தவங்க கட்டிவிட்டதான்னும் தெரியாது. சில ஸ்காலர்ஸ் நம்பறாங்க, சில பேர் நம்பல. எனக்கும் தெரியல. தெரியாததால தான் போகணும்ங்கறேன். இல்லன்னா இங்கயே லைப்ரரில உக்காந்திருப்பேன்ல? சொல்லுங்க டாடி. டைம் ஆகுது."

எபினேசர் ஜன்னலைப் பார்த்து நின்றார். கீழே வண்டிகள் ஒன்றையொன்று முட்டாமல் ஊர்ந்தன. நேற்று அவர் கண் கலங்கியது ஒரு ஒழுங்கான அதிகாரிக்காக. அந்த அதிகாரி ஒருவேளை இருந்ததே இல்லை. அப்படியானால் இருந்தது யார்? தம்பியை மூன்று தடவை விட்டவனா, விருந்துக்கு அழைத்து வெட்டியவனா? இரண்டும் ஒரே ஆளா? வாழ்நாளெல்லாம், பதில் வந்துவிடக் கூடாது என்றே கேள்வி கேட்டவர் அவர். இதற்குப் பதில் தெரியாமல் தூக்கம் வராது போலிருந்தது. அதைத் தேடிக்கொண்டு வர, உலகத்தில் அவருக்குத் தெரிந்து ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அந்த ஆளும் இப்போது ஃபோனில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கோப்பைத் தூணில் சாய்த்துப் படிவத்தை உருவினார். நாலு வரி நல்ல இங்கிலீஷ் எழுத நேரமில்லை. பத்தி எண் இல்லை, குறிப்பு இல்லை, மேற்கோள் விதி இல்லை. பெயரை மட்டும் போட்டார். நிபந்தனை ஏதுமின்றிப் போட்ட முதல் கையெழுத்து என்பதால் கொஞ்சம் கோணலாக விழுந்தது. படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். முதல் படத்தில் அவருடைய கட்டைவிரல்தான் விழுந்திருந்தது. இரண்டாவது படம் சரியாகப் போனபோது நாலு முப்பத்தொன்பது.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது டெல்பின் கூப்பிட்டாள். முதலில் அழுகைதான் கேட்டது.

"போயிடுச்சு டாடி. ரிசீவ்ட்னு மெயில் வந்துடுச்சு. தேங்க் யூ. ரொம்ப..."

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றார் எபினேசர். வராந்தாவில் போவோர் வருவோர் திரும்பிப் பார்ப்பது அவருக்குத் தெரியவில்லை. "ஏபிள்ள, அந்த ஏரியில இப்பவும் உப்பு வெளயுதா?"

"தெரியாது டாடி."

"சரி. கரைக்குப் போனா கொஞ்ச நேரம் சும்மா நில்லு. எதையும் உடனே எழுதாத. நின்னு பாத்துட்டுச் சொல்லு."